ஷாக் வேவ்னா கரண்ட் ஷாக் இல்லீங்க: தோள், முழங்கை, விரல் வலிக்கு இது எங்க உதவும், எங்க உதவாது

எலும்பு டாக்டர் "ஷாக் வேவ் குடுத்துப் பாக்கலாமா"ன்னு கேட்ட உடனே பாதிப் பேருக்கு மனசுல வர்றது கரண்ட்தான். ஏற்கனவே பிசியோதெரபில பேட் ஒட்டி கரண்ட் வச்சுப் பழகினவங்களா இருந்தா, அதையே கொஞ்சம் தூக்கலா வைப்பாங்க போலன்னு நினைச்சுக்கறாங்க. இதுல உடம்புக்குள்ள கரண்ட் போறதே கிடையாது, போறது வெறும் அழுத்தம். கிட்டக்க இடி விழுந்தா காதோட சேத்து நெஞ்சுலயும் ஒரு தட்டு விழுதுல்ல, அந்த ஜாதி. என்ன வித்தியாசம்னா இங்க அந்தத் தட்டு ஒரு நொடியை பத்து கோடி பங்கா போட்டா அதுல ஒரு பங்கு நேரத்துக்குள்ள உச்சத்துக்குப் போயிடுது, காத்தழுத்தத்தைப் போல நூறு மடங்குல இருந்து ஆயிரம் மடங்கு வரைக்கும் ஏறி, ஏறின வேகத்துல சரிஞ்சு நார்மலுக்கும் கீழ இறங்குது, அந்த இறக்கத்துல திசுல இருக்கற தண்ணில பொடிப்பொடியா குமிழி கிளம்பி உடையுது. மொத்தமும் நாம கண் சிமிட்டற நேரத்துல துளி பங்கு கூட இல்ல.

கரண்ட்னு தப்பா நினைச்சது நாம மட்டும் இல்ல. ஜெர்மனில டோர்னியர்னு ஒரு விமானக் கம்பெனி, 1960கள்ல ரொம்ப வேகமா போற பொருள் ஒண்ணு மோதினா உலோகத்துக்கு என்ன ஆகுதுன்னு டெஸ்ட் பண்ணிட்டு இருந்தாங்க, சூப்பர்சானிக் விமானம் மழைத்துளில மோதினாலே உலோகத்துல சேதம் வருதுங்கறது அவங்களுக்குப் பெரிய தலைவலி. அங்க ஒரு இன்ஜினியர் குண்டு போய் தகட்டுல மோதற அந்த நேரம் பாத்து தகட்டுல கை வச்சுட்டாராம், கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குன்னு இருந்துச்சாம். அளந்து பாத்தா கரண்டே இல்ல. தகட்டுல கிளம்புன அழுத்த அலை அவர் கைக்குள்ள போயிருக்கு. இந்தத் துறைல வழிவழியா சொல்ற கதை இது, இதை ஏன் இவ்ளோ விலாவாரியா சொல்றேன்னா பின்னாடி ஒரு மெஷினைப் பத்திப் பேசும்போது இதே குண்டும் இதே தகடும் திரும்ப வரும்.

அங்கிருந்து கிட்னி கல்லுக்குப் போனாங்க. 1980 பிப்ரவரி 7ம் தேதி மியூனிக்ல கிறிஸ்டியன் சௌசியும் அவர் டீமும் முதல் முறையா ஒரு மனுஷருக்கு, கத்தி வைக்காம, வெளில இருந்து அலை அனுப்பி கல்லை உடைச்சாங்க. நோயாளியை ஒரு தண்ணித் தொட்டில இறக்கி வச்சுத்தான் பண்ணாங்க, ஏன்னா நம்ம உடம்பு பெரும்பாலும் தண்ணி, தண்ணில இருந்து உடம்புக்குள்ள அலை தடையில்லாம போகும், நடுவுல காத்து வந்தா அங்கயே முட்டித் திரும்பிடும். இன்னைக்கு தொட்டி இல்ல, அதுக்குப் பதிலா வலிக்கற இடத்துல வழவழன்னு ஜெல் தடவறாங்க, அந்த ஜெல் தோல் வழுக்கறதுக்காக மட்டும் இல்ல, காத்து இடைவெளியை அடைக்கறதுக்குத்தான் முக்கியமா. நுரையீரல் வர்ற பாதைல இதைக் குடுக்கவே கூடாதுங்கறதுக்கும் காரணம் இந்தக் காத்துதான், திசுவும் காத்தும் சந்திக்கற எல்லைல அலை தன் மொத்த பலத்தையும் கொட்டிடும்.

கல்லை உடைக்கும்போதே பக்கத்துல இருக்கற இடுப்பெலும்பு என்ன ஆகுதுன்னு பாத்தப்பதான் எலும்பு தடிமனாகற மாதிரி மாற்றம் கண்ல பட்டுச்சு. அடப்பாவி, உடைக்கும்னு பாத்தா வளக்குதேன்னு அங்க ஆரம்பிச்சது, 1991ல பல்கேரியா டாக்டர்கள் ரெண்டு பேர் ஒட்டாத எலும்பு முறிவுகளுக்கு இதைக் குடுத்து ஒட்டினதா எழுதினாங்க, அப்புறம் தோள்பட்டை, முழங்கை, குதிகால்னு பரவிச்சு. அமெரிக்காவுல மருந்துக்கும் மருத்துவ மெஷினுக்கும் அனுமதி குடுக்கற எஃப்டிஏ 2000ல குதிகால் வலிக்கும் 2003ல டென்னிஸ் எல்போவுக்கும் (முழங்கை வெளிப்பக்க வலி) ஒரு மெஷினுக்கு ஓகே சொல்லுச்சு.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். கிட்னி கல் கதை நமக்கு நல்லா பதிஞ்சு போனதால, மூட்டுக்கு வந்தாலும் "உள்ள இருக்கற கால்சியத்தை உடைச்சிடும், எலும்பு நீட்டிட்டு இருக்கறதை தட்டித் தூளாக்கிடும்"னே எல்லாரும் பேசறாங்க, சில கிளினிக் போஸ்டரே அப்படித்தான் படம் போடுது. அது சரியில்லைங்க. மூட்டு, டெண்டான் (தசையை எலும்போட கட்டி வைக்கற நார்) விஷயத்துல இது உடைக்கற வேலையை விட உசுப்பற வேலைதான் பாக்குது. செல்லுக்கு ஒரு இழுப்பு ஒரு அமுக்கு குடுத்தா அது அதை ஒரு செய்தியா எடுத்துக்குது, "இங்க அடி பட்டிருக்கு, ஆள் அனுப்பு"ங்கற மாதிரி. டெண்டான் எலும்புல ஒட்டற இடத்துல புது ரத்தக்குழாய் வர்றதையும் அதுக்கான வளர்ச்சிப் பொருட்கள் கூடறதையும் முயல்ல வச்சு தைவான் டாக்டர்கள் காட்டியிருக்காங்க. வலி சொல்ற நரம்பு நுனில இருக்கற சில ரசாயனங்கள் தீந்துபோய் கொஞ்ச நாளைக்கு நரம்பே அடங்கிடுதுங்கறது இன்னொரு விளக்கம்.

இதைப் புரிஞ்சுக்கிட்டா எந்த வியாதிக்கு வேலை செய்யும், எதுக்குச் செய்யாதுன்னு நாமளே பாதி ஊகிச்சிடலாம். ஆறிட்டு இருந்த புண்ணு பாதில நின்னுபோன மாதிரி மாசக்கணக்கா இழுத்துட்டு இருக்கற டெண்டான் வலி, அங்க உசுப்பி விட்டா திரும்ப வேலை ஆரம்பிக்க சான்ஸ் இருக்கு. தேஞ்சே போன குருத்தெலும்பு, அங்க உசுப்ப ஆளே இல்ல. வந்து ரெண்டு வாரமே ஆன வலி, அங்க உடம்பு தானாவே வேலை பாத்துட்டு இருக்கு, நாம போய் தட்ட வேண்டிய அவசியம் இல்ல.

சரி, மெஷினுக்கு வருவோம், குழப்பமே இங்கதான். ஷாக் வேவ்னு ஒரே பேர்ல ரெண்டு வேற வேற சாமான் ஓடிட்டு இருக்கு. ஒண்ணு ஃபோகஸ்ட். தண்ணிக்குள்ள தீப்பொறி விட்டோ, கம்பிச் சுருளும் உலோகத் தகடும் வச்சோ, இல்ல கரண்ட் குடுத்தா சட்டுன்னு விரியற பீசோ கிரிஸ்டல் வச்சோ அலையை உண்டாக்கி, லென்ஸ்ல வெயிலைக் குவிக்கற மாதிரி உள்ள ஒரு புள்ளில குவிக்கறாங்க, தோல்ல பெருசா எதுவும் தெரியாம பல சென்டிமீட்டர் ஆழத்துல போய் பலத்தைக் காட்டும். இன்னொண்ணு ரேடியல். கையில புடிக்கற துப்பாக்கி மாதிரி ஒரு சாதனம், உள்ள ஒரு குட்டி உலோகக் குண்டு, கம்ப்ரஸ்டு காத்து அதைத் தள்ள அது போய் முனைல இருக்கற தகட்டுல டக்குன்னு மோதும், அந்த அதிர்வு தோல் வழியா பரவும். ஆமா, அந்த இன்ஜினியர் கை வச்ச அதே குண்டும் தகடும், ஆனா வேகம் ரொம்ப ரொம்பக் கம்மி. பௌதிகக் கணக்குப்படி பாத்தா ரேடியல்ல வர்றது ஷாக் வேவே இல்ல, அழுத்த அலை, அழுத்தம் ஏற எடுத்துக்கற நேரமே ஃபோகஸ்டை விட பலநூறு மடங்கு அதிகம். பலம் தோல்லதான் உச்சம், உள்ள போகப் போக தேஞ்சு சில சென்டிமீட்டர்ல அடங்கிடும்.

அதுக்காக ரேடியல் டூப்புன்னு சொல்ல வரல. மேலாக இருக்கற டெண்டான், குதிகால், முழங்கை மாதிரி இடங்களுக்கு அதுலயும் நல்ல ரிசல்ட் வந்திருக்கு, மெஷின் விலையும் கம்மி, அதனாலதான் பிசியோ கிளினிக்ல பெரும்பாலும் பாக்கறது இதுதான். என் ஆதங்கம் என்னன்னா ஃபோகஸ்ட்ல வந்த ஆராய்ச்சி ரிசல்ட்டைக் காட்டி ரேடியல்ல படுக்க வைக்கறதுதான். போறப்ப "இது ஃபோகஸ்டா ரேடியலா"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, பதில் தெரியாம முழிச்சா அதுவே ஒரு பதில்.

ரேடியல் செஷன் பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்குத் தெரியும், முதல்ல விரலால அமுக்கி அமுக்கி "இங்கயா, இங்கயா"ன்னு கேட்டு வலி உச்சமா இருக்கற இடத்தை பேனாவால மார்க் பண்ணுவாங்க, ஜெல் போடுவாங்க, அப்புறம் டடடடடன்னு சுவர்ல டிரில் போடற சத்தம், நொடிக்கு எட்டுல இருந்து பதினஞ்சு தட்டு. முதல் இருநூறு முன்னூறு தட்டு பல்லைக் கடிச்சுக்கணும், அதுக்கப்புறம் அந்த இடமே கொஞ்சம் மரத்த மாதிரி ஆயிடும், உடனே பிசியோ ஒரு பாயிண்ட் பிரஷரை ஏத்துவார். வழக்கமா 2000 தட்டு, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது. வாரம் ஒண்ணுன்னு மூணுல இருந்து அஞ்சு தடவை.

வலிக்குதே, மரப்பு ஊசி போட்டுட்டு பண்ணலாமேன்னா, அங்கதான் ஒரு சுவாரஸ்யம். 2005 வாக்குல குதிகால் வலிக்காரங்களை வச்சு ஒப்பிட்டுப் பாத்ததுல மரப்பு ஊசி போட்டுக்கிட்டவங்களுக்கு பலன் குறைவா இருந்துச்சு. வலி எங்க இருக்குன்னு நோயாளி சொன்னாத்தான சரியான இடத்துல குறி வைக்க முடியும், அது ஒரு காரணம், நரம்பை மரக்க வச்சுட்டா உசுப்பற வேலைல நரம்போட பங்கு போயிடுதுங்கறது இன்னொரு காரணம். இதே லாஜிக்லதான் பல பேர் செஷன் முடிஞ்சு வீக்கத்தைக் குறைக்கற வலி மாத்திரை வேண்டாம், தாங்க முடியலைன்னா பாரசிட்டமால் போதும்னு சொல்றாங்க.

தட்டு எண்ணிக்கையை வச்சு விளம்பரம் பண்றதும் எனக்குப் புடிக்காது. 2003ல ஜாமாங்கற அமெரிக்க மருத்துவப் பத்திரிகைல வந்த ஒரு ஆய்வு, தோள்பட்டை டெண்டான்ல கால்சியம் படிஞ்ச 144 பேர், மூணு குரூப். முதல் குரூப்புக்கு சதுர மில்லிமீட்டருக்கு 0.32 மில்லிஜூல் பலத்துல 1500 தட்டு, ரெண்டாவதுக்கு 0.08 பலத்துல 6000 தட்டு, மூணாவதுக்கு சும்மா மெஷின் மட்டும் ஓடுச்சு. பெருக்கிப் பாருங்க, முதல் ரெண்டுக்கும் மொத்த எனர்ஜி ஒண்ணேதான். ஆறு மாசம் கழிச்சு தோள் எவ்ளோ நல்லா வேலை செய்யுதுன்னு நூத்துக்கு மார்க் போட்டா, முதல் குரூப் 31 மார்க் ஏறியிருந்துச்சு, ரெண்டாவது 15, சும்மா ஓடினது 6.6. நாலு மடங்கு தட்டு வாங்கினவங்களுக்கு பாதிதான் கிடைச்சிருக்கு. அப்போ எத்தனை தட்டுங்கறதை விட ஒவ்வொரு தட்டும் எவ்ளோ பலம்ங்கறதுதான் விஷயம், அதுலயும் இந்தப் பலமெல்லாம் ஃபோகஸ்ட்ல, படம் பாத்து குறி வச்சு குடுத்தது.

தோள்பட்டை கால்சியத்துக்குத்தான் இந்த வைத்தியத்துல இருக்கறதுலயே தெம்பான ஆதாரம். அங்கயும் ஒரு நுணுக்கம் இருக்கு. கால்சியம் படிவு சும்மா கிடக்கற காலம் ஒண்ணு, உடம்பே அதைக் கரைச்சு எடுக்கற காலம் ஒண்ணு, ராத்திரி தூங்க விடாம உயிர் போற மாதிரி திடீர்னு வலிக்குதே அது பெரும்பாலும் கரையற காலம். அந்த நேரத்துல போய் ஷாக் வேவ் வாங்கினா எரியற வீட்டுல விசிறற கதை, கொஞ்சம் பொறுத்தா தானே போயிடும். மாசக்கணக்கா மந்தமா வலிச்சுக்கிட்டு, எக்ஸ்ரேல கெட்டியா வெள்ளையா தெரியற படிவுக்குத்தான் இது. கால்சியமே இல்லாத வெறும் தோள் டெண்டான் வலிக்கு பெருசா எதிர்பாக்காதீங்க. 2020ல மருத்துவ ஆய்வுகளை ஒண்ணாச் சேத்து அலசற கோக்ரேன் அமைப்பு 32 ஆய்வு, 2281 பேரைச் சேத்து அலசினப்ப, கால்சியம் இருந்தாலும் இல்லைன்னாலும் நோயாளிக்குத் தெரியற அளவு பலன் ரொம்பக் கொஞ்சம்னுதான் முடிவு சொன்னாங்க. கலந்துகட்டிப் பாத்தா நல்லதும் சேந்து மங்கிடுங்கறது என் கருத்து, ஆனா அந்த முடிவை ஒதுக்கிட்டுப் பேசறது நியாயம் இல்ல.

டென்னிஸ் எல்போ இன்னும் மோசமான சண்டை. 2002ல ஜெர்மனில 272 பேரை வச்சு பண்ணதுல நிஜ வைத்தியம் வாங்கினவங்கள்ல 25.8 சதவீதம், போலி வாங்கினவங்கள்ல 25.4 சதவீதம் தேறினாங்க, அதாவது ஒண்ணுமே வித்தியாசம் இல்ல. ஆதரவாளர்கள் உடனே "மரப்பு ஊசி போட்டுத்தான பண்ணாங்க, அப்புறம் எப்படி"ன்னு கேட்டாங்க, கேள்வி நியாயம்தான். ஆனா 2005ல கோக்ரேன் 9 ஆய்வு, 1006 பேரைப் பாத்துட்டும் பலன் இல்ல, இருந்தாலும் துளிதான்னு சொல்லிடுச்சு. இதுல மறக்கக் கூடாதது என்னன்னா டென்னிஸ் எல்போ ஒரு வருஷத்துல பத்துல எட்டு ஒம்பது பேருக்கு தானாவே அடங்கற வியாதி, அதனால எட்டாவது மாசம் எந்த வைத்தியம் பண்ணாலும் அந்த வைத்தியத்துக்கு நல்ல பேர் கிடைச்சிடும்.

முழங்கால் தேய்மானத்துக்கு "ஆபரேஷன் இல்லாம ஷாக் வேவ்ல மூட்டை வளத்துடலாம்"னு வர்ற விளம்பரத்தை நம்பாதீங்க. எலியில குருத்தெலும்பு சேதத்தைத் தள்ளிப் போடுதுன்னு ஆய்வு இருக்கு, மனுஷங்கள்ல சில சின்ன ஆய்வுகள்ல சில வாரம் சில மாசம் வலி குறைஞ்சிருக்கு, அவ்ளோதான். மூட்டைச் சுத்தி இருக்கற டெண்டான் வலி குறைஞ்சு நடை சுகமாகலாம், அதை மூட்டு வளந்துடுச்சுன்னு சொல்றது பொய். முடக்குவாதம் வந்து வீங்கி சூடா இருக்கற மூட்டுக்கு இது கிட்டயே வரக்கூடாது.

இனி கை. கை வியாதில நிறைய பேருக்கு வர்றது டிரிகர் ஃபிங்கர். காலைல எழுந்தா மோதிர விரல் மடங்கினபடியே நிக்கும், நீட்டினா வராது, இன்னொரு கையால இழுத்தா டக்குன்னு ஒரு சத்தத்தோட திறக்கும், உள்ளங்கைல விரல் அடில அமுக்கினா ஒரு குட்டி உருண்டை விரலோட சேந்து நகரும். விரலை மடக்கற டெண்டான் ஓடற குழாயோட வாசல் தடிச்சுப் போய், டெண்டானும் அந்த இடத்துல முடிச்சு விழுந்து, ஊசிக் காதுல முடிச்சு போட்ட நூல் மாட்டற கதைதான். இதுக்கு முதல் வைத்தியம் ஸ்பிளிண்ட் (விரலை அசையாம நீட்டி வைக்கற பட்டை), அடுத்தது ஸ்டீராய்டு ஊசி, ஒரே ஊசில பாதிக்கு மேல ஆளுக்கு சரியாகுது. 2016ல 40 பேரை வச்சு ஊசியையும் ஷாக் வேவையும் ஒப்பிட்டாங்க, ரெண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி பலன். போலி குரூப் இல்லாத சின்ன ஆய்வு, அதை வச்சு கொடி புடிக்க முடியாது, ஆனா சர்க்கரை இருந்து ஸ்டீராய்டு போட்டா சுகர் எகிறும்னு பயப்படறவங்களுக்கு இப்படி ஒரு வழி இருக்குன்னு தெரிஞ்சு வச்சுக்கலாம். அங்க தோலுக்கு அடிலயே டெண்டான் இருக்கறதால பலம் கம்மியா வச்சே குடுக்கணும், தோள்ல வைக்கற அளவை விரல்ல வச்சா தாங்காது.

கட்டைவிரல் அடி மூட்டு தேய்மானத்துல, டப்பா மூடி திறக்கவே முடியாம போகுதே, அதுல வலி குறைஞ்சதா ஓரிரு ஆய்வு இருக்கு. உள்ளங்கைல கட்டி கட்டியா வந்து விரல் உள்நோக்கி மடங்கற டுப்யூட்ரன்ல கட்டி வலி குறையலாம், மடங்கின விரல் இதனால நிமிராது. மணிக்கட்டுல நரம்பு நசுங்கி விரல் மரத்துப் போற கார்ப்பல் டனல்ல ஸ்பிளிண்ட் கூட சேத்து குடுத்தப்ப மதமதப்பு குறைஞ்சதா சின்ன ஆய்வுகள் சொல்லுது, ஆனா கட்டைவிரல் அடில இருக்கற சதை மேடு தட்டையாக ஆரம்பிச்சிருந்தா இந்த செஷன் எல்லாம் போட்டு நாளைக் கடத்தாதீங்க, நரம்பு செத்துட்டு இருக்குன்னு அர்த்தம், ஆபரேஷன் பேச்சை எடுக்கற நேரம் அது.

யாருக்குக் குடுக்கக் கூடாதுங்கறது பெரிய லிஸ்ட் இல்ல. அலை போற பாதைல புற்றுக்கட்டியோ கருவோ இருந்தா கூடவே கூடாது. பலமான ஃபோகஸ்ட்னா நுரையீரல், மூளை, தண்டுவடம், வளர்ற பிள்ளைங்களோட எலும்பு வளர்ச்சித் தட்டு, ரத்தம் உறையாத கோளாறு இதெல்லாமும் சேரும், ரத்தம் இளக மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிடணும். அந்த இடத்துல ஸ்டீராய்டு ஊசி போட்டு ஆறு வாரம் ஆகலைன்னா தள்ளிப் போடறதுதான் வழக்கம், ஏன்னா ஊசிக்கு அப்புறம் டெண்டான் கொஞ்ச நாள் நைஞ்சுபோய் இருக்கும். சிவக்கறது, ரத்தக்கட்டு, ரெண்டு நாள் வலி கூடறது சகஜம், தோள் எலும்புத் தலைல ரத்த ஓட்டம் கெட்டுப்போனதா அரிதா ஓரிரு கேஸ் பதிவாகியிருக்கு.

பலன் உடனே பாக்காதீங்க, ஆறுல இருந்து பன்னெண்டு வாரம். முதல் செஷன்லயே பறந்து போன வலி பெரும்பாலும் நரம்பு அடங்கினதால வந்தது, அதை நம்பி மறுநாளே பாரம் தூக்கறவங்கதான் நாலாவது வாரம் "திரும்ப வந்துடுச்சு"ன்னு வந்து நிக்கறாங்க. கூடவே டெண்டானுக்கு படிப்படியா பாரம் ஏத்தற எக்சர்சைஸ் இல்லைன்னா உசுப்பி விட்டது வீணாப் போகும்.

கடைசியா ஒண்ணு, இதுல டெண்டானும் இல்ல கால்சியமும் இல்ல. பக்கவாதம் வந்த கை இறுகி முஷ்டியா மூடிக்கும், உள்ளங்கையைக் கழுவ முடியாது, நகம் வெட்ட முடியாது, நகம் சதைல குத்தி புண்ணாகும், பாத்துக்கறவங்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். 2005ல இத்தாலில இப்படிப்பட்ட 20 பேருக்கு முன்கை தசைலயும் விரல்களுக்கு நடுவுல இருக்கற குட்டித் தசைகள்லயும் ஒரே ஒரு செஷன் குடுத்தாங்க, இறுக்கம் தளந்துச்சு, விரல்கள்ல அந்தத் தளர்வு பன்னெண்டு வாரம் கழிச்சும் இருந்துச்சு. அதுக்கப்புறமும் இதை வேற வேற டீம் பண்ணிப் பாத்து தளர்வு வருதுன்னு சொல்லியிருக்காங்க. கை தானா வேலை செய்ய ஆரம்பிச்சிடாது, அந்த இடைவெளில ஸ்பிளிண்ட் போட்டு நீட்டி வச்சு, நகத்தை வெட்டி, உள்ளங்கையைத் துடைச்சு காய வைக்கலாம்.